நாரைத்தலை றலி

திருகோணமலையில் பழைய றலி சைக்கிளுக்கு விலை பேச வருபவர் பெயின்ற் மினுக்கத்தில் மயங்கமாட்டார். குனிந்து, பெடல் பல்லுச்சக்கரத்தில் நாரைத்தலை இருக்கிறதா என்று பார்ப்பார். ஹம்பர் வண்டி என்றால் ஓடுகிற ஐந்து மனிதர் இருக்கவேண்டும். அடுத்தது பின்சில்லு. மூன்று கியர் ஸ்ரேமி ஆச்சர் ஹப்பில் அதைச் செய்த ஆண்டும் மாதமும் பொறித்திருக்கும். அதுதான் வண்டியின் சாதகம்.

1957 ஒக்ரோபரில் பிரித்தானியக் கடற்படை இந்தத் துறைமுகத்தைக் கையளிக்கும்வரை அப்பா டொக்யாட் வேலைக்கு றலியில்தான் போனார். எதைக் கழற்றினாலும் கிறீஸ் பூசிப் பால்மா ரின்னில் போடுவார். கஞ்சத்தனம் என்று அம்மா சொல்வா. எனக்கு அது கணக்காகவே படுகிறது. நொட்டிங்ஹாம் றலியின் பெடல் அச்சுக் கோப்பையில் அங்குலத்துக்கு 26 புரி. மற்றக் கம்பனிகளுக்குப் பொதுவாக 24. வேறு வண்டியின் கோப்பையை முறுக்கினால் புரி தின்றுவிடும், பிறகு பிரேமே பழுது. எழுபதுகளில் இறக்குமதி இறுகியபோது அந்த ரின்னைத் தேடி ஊரே வந்தது.

போர்க்காலத் தடையில் பற்றரி கிடைக்காத வடக்கில் சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டார்கள். அதனால் டைனமோ கழன்றுபோன வண்டியைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஹப்பைத் தனியே விற்றவர்களைச் சொல்வேன்.

மருமகன் தன் மவுன்ரின் பைக்குக்குப் புதிய முன்கவை போட்டிருக்கிறான். விற்கும்போது பழையதையும் சேர்த்தே விலை சொல்லு தம்பி என்றேன்.