நாலு பேர் வேலை, ஒரு ஆள் சம்பளம் - ஒரு டிரம்ஸ் செட் வாங்கிய கதை

"அப்பா, எனக்கு ஒரு ஜாஸ் வேணும்."

ஒன்பதாம் வகுப்பு படிக்கும் மகள் இப்படிக் கேட்டபோது எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஜாஸ் என்பது ஒரு சங்கீத வகை. அதை எப்படிக் கடையில் போய் வாங்குவது? தங்கமணிதான் விளக்கினார். "இந்த ஊர்ல டிரம்ஸ் செட்டுக்குப் பேரே ஜாஸ்தாங்க. அவ ஸ்கூல்ல எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க." விசாரித்துப் பார்த்தால் உண்மைதான். 1957ல் எர்ணாகுளத்தில் தொடங்கிய கேரளப் பள்ளிக் கலோத்சவத்தில் 'டிரிபிள் - ஜாஸ்' என்றே ஒரு போட்டி உண்டு. 2025 ஜனவரியில் கலோத்சவம் திருவனந்தபுரத்தில் நடந்தது. அதைப் பார்த்துவிட்டு வந்த சூட்டில் கேட்ட கேள்வி இது.

நான் திருவாரூர்ப் பக்கத்துக்காரன். மன்னார்குடியில் பி.காம். படித்து, பேங்க் பரீட்சை எழுதி, மூன்று வருடத்துக்கு ஒரு முறை பெட்டி கட்டுகிறவன். சங்கீதம் என்றால் கோயில் திருவிழாவில் தவில் கேட்டதோடு சரி. ஆனால் எதை வாங்குவதாக இருந்தாலும் அதன் பூர்வீகத்தைத் தோண்டாமல் விட மாட்டேன். (கடன் கொடுக்கும் முன் ஆளைப் பற்றி விசாரிக்கிற தொழில் புத்தி.) ஆனால் இந்த முறை அந்தப் புத்தி வேலை செய்வதற்குள் கை முந்திக்கொண்டது. ஒரு கடையில் 22 ஆயிரத்துக்கு ஒரு செட். பளபளவென்று சிவப்பு நிறம், ஏழு டிரம், மூன்று சிம்பல், ஸ்டாண்டுகள் இலவசம். "எண்ணிப் பாருங்க சார், இந்த விலைக்கு இத்தனை உருப்படி எங்கேயும் வராது" என்றார்கள். எண்ணிப் பார்த்து வாங்கினேன். அதுதான் தப்பு.

ஜூன் மாதம் மழை பிடித்தது. ஆகஸ்டுக்குள் ஸ்டாண்டுகளின் மூட்டெல்லாம் துரு. பெடலின் சங்கிலி அறுந்தது. பெரிய சிம்பலின் ஓரத்தில் விரல் நீளத்துக்கு வெடிப்பு. தொடையில் ஓங்கி அடித்துக்கொண்ட மாதிரி இருந்தது எனக்கு. அதற்கப்புறம்தான் உட்கார்ந்து இந்த வாத்தியத்தின் கதையைப் படித்தேன். முதலிலேயே படித்திருந்தால் 22 ஆயிரம் மிச்சமாகியிருக்கும். நம்மைப்போல ஊர் விட்டு ஊர் வந்து, பிள்ளைகள் கேட்பதை வாங்கிக் கொடுக்கலாமா வேண்டாமா என்று யோசிக்கிற குடும்பங்களுக்கு உபயோகப்படட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

முதல் ஆச்சரியம் என்னவென்றால், டிரம்ஸ் செட் என்ற பொருளே சிக்கன நடவடிக்கையில் பிறந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்க ராணுவ பேண்டுகளில் பெரிய டிரம்முக்கு ஒருவர், சின்ன டிரம்முக்கு ஒருவர், ஜால்ராவுக்கு ஒருவர் என்று தனித்தனி ஆட்கள். தெருவில் நடந்துகொண்டே வாசிக்க அது சரி. ஆனால் நாடகக் கொட்டகையில் மேடைக்கு முன்னால் இருக்கும் சின்னப் பள்ளத்தில் மூன்று பேருக்கு இடமும் இல்லை, சம்பளம் கொடுக்க முதலாளிக்கு மனமும் இல்லை. நியூ ஆர்லியன்ஸ் போன்ற ஊர்களில் ஒரே ஆள் இரண்டு டிரம்மையும் பக்கத்தில் வைத்து, ஒரே குச்சியால் மாற்றி மாற்றி அடிக்க ஆரம்பித்தார். கை போதவில்லை, காலைக் கூப்பிட்டார்கள்.

நம் கேரளம் இதற்கு நேர் எதிர். பஞ்சாரி மேளத்தில் ஒருவருக்கு ஒரு வாத்தியம்தான். செண்டைக்காரர் செண்டை மட்டும், இலத்தாளக்காரர் இலத்தாளம் மட்டும். சத்தம் அதிகம் வேண்டுமா, ஆளைக் கூட்டு. திருச்சூர்ப் பூரத்தின் இலஞ்சித்தற மேளத்தில் 200க்கும் மேற்பட்ட கலைஞர்கள் நிற்பார்கள். எங்கள் திருவாரூர்க் கோயிலில் இதற்கு மூன்றாவது வழி ஒன்று இருக்கிறது: பஞ்சமுக வாத்தியம். ஒரே குடத்துக்கு ஐந்து முகம், வாசிப்பவர் ஒருவர். சின்ன வயதில் அதை நூறு தடவை பார்த்திருக்கிறேன். ஒரு ஆள், பல முகம் என்ற யோசனை நம் ஊரிலேயே இருந்திருக்கிறது என்று இப்போதுதான் உறைத்தது.

சரி, கால் விஷயத்துக்கு வருவோம். சிகாகோவில் வில்லியம் லட்விக் என்று ஒரு டிரம் கலைஞர். ராக்டைம் பாட்டுகளின் வேகத்துக்கு அப்போதிருந்த பெடல்கள் ஈடு கொடுக்கவில்லை. அவரே சின்னதாக, வேகமாகத் திரும்பி வரும் பெடல் ஒன்றை உருவாக்கி 1909ல் காப்புரிமை வாங்கினார். தம்பி தியபால்டுடன் சேர்ந்து அதே வருடம் கம்பெனி ஆரம்பித்தார். உலகப் புகழ் பெற்ற அந்த டிரம் கம்பெனியின் மூலதனம் டிரம் அல்ல, பெடல்! இதைப் படித்ததும் அறுந்து போன எங்கள் சங்கிலியை நினைத்துக்கொண்டேன். டிரம்ஸ் செட்டை டிரம்ஸ் செட் ஆக்கியதே பெடல்தான். கடைக்காரர் இலவசமாகத் தருகிறார் என்றால் அது எந்த லட்சணத்தில் இருக்கும்?

அடுத்தது இடது கால். 1920களில் தரையை ஒட்டி இரண்டு சின்ன சிம்பல்களைக் காலால் மூடித் திறக்கும் ஒரு கருவி வந்தது. பத்து வருடம் ஆவதற்குள் அதன் குழாயை உயர்த்தி, குச்சியாலும் அடிக்கிற மாதிரி செய்தார்கள். அதுதான் ஹைஹாட். நம் கோயில் தாளத்தை ஒரு கம்பியில் மாட்டினால் எப்படியோ அப்படி. 1927ல் பேசும் படம் வந்ததும் கொட்டகைப் பள்ளங்களில் இருந்த ஆயிரக்கணக்கான வாத்தியக்காரர்களுக்கு வேலை போயிற்று. மிஞ்சியவர்கள் நடனக் கூடங்களுக்குப் போனார்கள். அங்கே 1930களில் ஜீன் க்ரூப்பா என்பவர் பின்னால் இருந்த டிரம்காரரை முன்வரிசை நட்சத்திரம் ஆக்கினார். இரு பக்கமும் சுருதி கூட்டக்கூடிய டாம்களைப் பரவலாக்கியதும் அவர் காலத்தில்தான். இன்று நாம் பார்க்கும் செட்டின் உருவம் அப்போதே முடிந்துவிட்டது.

இதெல்லாம் நம் நாட்டுக்கு எப்படி வந்தது? 1935ல் லியோன் ஆபி என்ற கறுப்பின இசைக்கலைஞர் தன் குழுவோடு பம்பாய் தாஜ் ஹோட்டலுக்கு வந்து வாசித்தார். அந்த ஹோட்டல் பேண்டுகளில் வளர்ந்த கோவாக்காரர்கள்தான் பிறகு இந்தி சினிமா ஸ்டுடியோக்களுக்குப் போனார்கள். சென்னையில் நோயல் கிராண்ட், இளையராஜாவின் குழுவில் புருஷோத்தமன், பிறகு தாளவாத்தியக் கலைஞர் எஸ்.எம். ஆனந்தனின் மகன் சிவமணி என்று அந்த வரிசை நீளும். திருவனந்தபுரத்தில் யேசுதாஸ் 1980ல் தரங்கிணியை ஆரம்பித்தார். கோயில் உற்சவத்துக்கு உற்சவம் கானமேளா. 2003ல் இதே ஊரில் 'அவியல்' என்ற ராக் குழு மலையாளத்திலேயே பாடக் கிளம்பியது. என் மகள் கேட்ட 'ஜாஸ்' இத்தனை கை மாறி வந்த சொல்.

இனி என் பாக்கெட்டைக் கடித்த விஷயம்: சிம்பல். சில்ஜியான் குடும்பம் 1623ல் கான்ஸ்டான்டிநோபிளில் பட்டறை போட்டது. 1929ல் அமெரிக்காவுக்கு வந்தது. நல்ல சிம்பலில் நூற்றுக்கு 80 பங்கு செம்பு, 20 பங்கு வெள்ளீயம். இது ஒன்றும் நமக்குப் புதிதல்ல. இலத்தாளமும் கோயில் மணியும் இதே ஜாதி வெண்கலம்தான். விலை குறைந்த சிம்பல்களில் வெள்ளீயம் 8 பங்குதான் இருக்கும். அதற்கும் கீழே பித்தளை, அதாவது செம்பும் துத்தநாகமும். நாச்சியார்கோவில் குத்துவிளக்கு பித்தளையில் எவ்வளவு அழகாக இருக்கிறது! ஆனால் குத்துவிளக்கைத் தட்டிப் பார்த்து யாரும் நாதம் கேட்பதில்லை. பூஜை மணியையும் பித்தளைத் தாம்பாளத்தையும் ஒரு தட்டுத் தட்டிப் பாருங்கள், போதும். டிரம்மின் சத்தத்தைத் தோல் மாற்றிச் சரி செய்யலாம். மட்டமான சிம்பலை எந்த வித்வானாலும் சரி செய்ய முடியாது.

தோல் என்றதும் மழை ஞாபகம் வருகிறது. 1957க்கு முன் டிரம்முக்குக் கன்றுத் தோல்தான். ஈரக் காற்றில் தொய்யும், வெயிலில் விறைக்கும். நம் செண்டைக்கும் தவிலுக்கும் இருக்கிற அதே தொல்லை. அந்த வருடம் ரெமோ பெல்லி என்பவர் மைலார் என்ற பாலியெஸ்டர் தாளில் செய்த தோலை வியாபாரமாக்கினார். சிக் எவன்ஸ் என்பவரும் அதே சமயம் அதே வேலையில் இருந்தார். தோலுக்கு மழை பயம் போயிற்று. ஆனால் சங்குமுகம் கடற்காற்று ஸ்டாண்டின் குரோம் பூச்சை விடுமா? எங்கள் வீட்டில் டிரம் நன்றாகத்தான் இருந்தது. போனதெல்லாம் இரும்பு.

எத்தனை டிரம் வேண்டும் என்பதற்கும் சரித்திரத்திலேயே பதில் இருக்கிறது. 1964 பிப்ரவரி 9 அன்று எட் சல்லிவன் நிகழ்ச்சியில் பீட்டில்ஸ் வாசித்ததை 7 கோடியே 30 லட்சம் பேர் டிவியில் பார்த்தார்கள். அமெரிக்கப் பையன்களெல்லாம் டிரம்ஸ் கேட்டு அப்பன்மார்களை நச்சரித்தார்கள். (என் கஷ்டம் உலகப் பொதுவானது!) அன்று ரிங்கோ ஸ்டார் முன்னால் இருந்தது லட்விக் செட். அதில் மொத்தம் நாலே நாலு டிரம். நான் வாங்கியது ஏழு.

லட்விக் செட் எல்லோருக்கும் கட்டுப்படியாகுமா? அங்கேதான் ஜப்பான்காரர்கள் நுழைந்தார்கள். பேர்ல் கம்பெனி 1946ல் ஆரம்பித்தபோது செய்தது டிரம் அல்ல, இசைக்குறிப்புத் தாள் வைக்கும் ஸ்டாண்ட். யமஹா 1967ல் டிரம் செய்ய ஆரம்பித்தது. டாமா என்ற பெயர் 1974ல் வந்தது. ஸ்டாண்டு, கிளாம்ப், மூட்டு என்று இரும்பு வேலையில் இவர்கள் காட்டிய கவனம்தான் 1970களில் அமெரிக்கக் கம்பெனிகளை ஆட்டம் காண வைத்தது. பிறகு உற்பத்தி தைவான், சீனா என்று நகர்ந்து விலை இறங்கியது. நமக்கு அந்த மலிவு வந்து சேர்ந்தது 1991க்குப் பிறகுதான். அதற்கு முன் இறக்குமதி வரியையும் லைசென்ஸையும் தாண்டி ஒரு வெளிநாட்டுச் செட் வாங்குவது நடுத்தரக் குடும்பத்துக்குக் கனவு.

இவ்வளவையும் படித்த பிறகு, போன ஓணத்துக்கு மறுபடி வாங்கினேன். பட்ஜெட் 45 ஆயிரம். இந்த முறை கணக்கைத் தலைகீழாகப் போட்டேன். டிரம்கள் நாலு மட்டும், அதுவும் வாசித்துப் பழகிய பழைய செட், பாப்லர் மரம். ஓடு வட்டமாக இருக்கிறதா, விளிம்பு பிசிறில்லாமல் இருக்கிறதா என்று கையால் தடவிப் பார்த்தால் போதும்; கீறலைப் பற்றிக் கவலை இல்லை. அடிக்கிற பக்கத்துத் தோல்கள் மட்டும் புதிது. மிச்சப் பணத்தில் பெரும்பகுதி புதுப் பெடல், இரட்டைக் கால் பட்டை வைத்த ஸ்டாண்டுகள், ஆடாத முக்காலி, ஒரு ஜோடி நல்ல வெண்கல ஹைஹாட், ஒரே ஒரு ரைட் சிம்பல். (முக்காலியை அலட்சியம் செய்யாதீர்கள். பிள்ளையின் முதுகு அது.) மாதம் ஒரு தடவை திருகுகளைத் துடைத்து ஒரு சொட்டு எண்ணெய் விடுகிறேன்.

ஃபிளாட்டில் இருப்பவர்கள் "எலெக்ட்ரானிக் வாங்கலாமே" என்பார்கள். 1997ல் ரோலண்ட் கம்பெனி வலைத் தோல் வைத்த வி-டிரம்ஸ் கொண்டுவந்த பிறகு கைக்குச் சத்தம் குறைந்தது வாஸ்தவம். ஆனால் கால் பெடலின் அதிர்வு தரை வழியாகக் கீழ்வீட்டுக்குப் போகும். எதுவானாலும் கீழே தடிமனான ரப்பர் பாய் வேண்டும், கீழ்வீட்டுச் சேச்சியிடம் நேரம் பேசி வைத்துக்கொள்ள வேண்டும். எங்களுக்கு மாலை ஐந்திலிருந்து ஆறு.

பணத்தைவிடப் பெரிய தடை ஒன்று இருந்தது. ஊரிலிருந்து அம்மா போனில், "ஏண்டா, பொம்பளப் பிள்ளைய மேளம் அடிக்க விடுறியா? நம்ம வீட்ல இதெல்லாம் உண்டா?" என்றார். அந்தக் கேள்விக்குள் பெண் என்பது மட்டுமல்ல, எந்த வீட்டுக்காரர்கள் தோல் வாத்தியத்தைத் தொடலாம் என்கிற பழைய கணக்கும் இருக்கிறது. தோலைத் தொடுகிறவரை ஒதுக்கிவிட்டு, அவர் வாசிப்பில் சாமி புறப்பாடு நடத்திய ஊர் என்னுடையது. அதை அம்மாவிடம் எப்படிச் சொல்வது? வயோலா ஸ்மித்தைப் பற்றிச் சொன்னேன். 1912ல் பிறந்தவர், பெண் கலைஞர்களுக்கு வாய்ப்புக் கொடுங்கள் என்று 1942லேயே பத்திரிகையில் எழுதிய டிரம் கலைஞர், 107 வயது வாழ்ந்து 2020ல் மறைந்தார். அம்மாவுக்கு அமெரிக்கக்காரி எதற்கு? கடம் வாசிக்கும் சுகன்யா ராம்கோபால் பெயரைச் சொன்னேன். "அது கடம்டா, மண்ணு" என்றார். அதோடு நிறுத்திக்கொண்டேன்.

போன வாரம் மகள் வாசித்துக்கொண்டிருக்கும்போது அம்மா போனில் இருந்தார். ஒரு நிமிஷம் ஒன்றும் பேசவில்லை. பிறகு கேட்டார்: "எட்டு எட்டா வருதே, ஆதி தாளமா?" நாலும் நாலும்தான் பாட்டி என்றாள் மகள். "அதத்தாண்டி நானும் சொல்றேன். ஆறாவதுல ஓடுறே, நிதானமா அடி."

அடுத்த வருடம் எனக்கு டிரான்ஸ்பர் வரும். நாலு டிரம்மும் ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு பெட்டியில் அடங்குகின்றன, அளந்து பார்த்துவிட்டேன். பழைய சிவப்புச் செட் ஆறாயிரத்துக்குத்தான் போயிற்று. மீதி 16 ஆயிரத்தைப் படிப்புச் செலவு என்று எழுதி வைத்திருக்கிறேன். என் படிப்புச் செலவு.