வானலையும் கங்காணியும்

இறம்பொடைக் கணவாயில் நின்று நோக்குவார்க்குக் கீழே கொத்மலை நீர்த்தேக்கம் தெரியும். ஆனால் ஒரு மலைமுகட்டுக்கு அப்பாலுள்ள லயத்துக்கு வைஃபை அலை எட்டாது. அதிர்வெண் கூடக் கூட, மலையை வளைந்து கடக்கும் ஆற்றல் அலைக்குக் குறைகிறது. இத்தகைய நாட்டில், எந்த அலையை யார் ஆளலாம் என்பது வெறும் பொறியியல் வினா அன்று. அது சமுதாய வினா.

கம்பியில்லாக் கருவியை இயக்கும் திறந்த மூல மென்பொருள், சட்டம் வகுத்த எல்லைக்கு வெளியேயுள்ள அலைகளுக்கும் இடந்தரலாமா? வரலாற்றைப் புரட்டினால் விடை தெளியும்.

1912இல் டைட்டானிக் மூழ்கிய பின்னர் அமெரிக்கா இயற்றிய வானொலிச் சட்டம், தனி ஆர்வலர்களை 200 மீற்றர் அலைக்குக் கீழே தள்ளியது. அவை பயனற்றவை என்பது அன்றைய எண்ணம். அந்தத் தரிசு நிலத்தையே ஆர்வலர் உழுதனர். 1923இல் ஏறத்தாழ 110 மீற்றர் அலையில் அத்லாந்திக்கின் இரு கரையினரும் உரையாடினர். 1925இல் கொழும்பில் தொடங்கிய ஒலிபரப்பு பிற்காலத்தில் இந்திய இல்லங்களை எட்டியதும் சிற்றலையில் ஏறித்தான். ஆர்வலர் தாமே கட்டிய கருவி எல்லை கடந்தும் பேச வல்லது. எனினும் அரசு கருவியைப் பூட்டவில்லை. அனுமதிப் பத்திரம் வழங்கி மனிதனைப் பொறுப்பாளியாக்கியது.

நம் காலத்துக்கு வருவோம். 2003இல் லிங்சிஸ் ரவுட்டரின் லினக்ஸ் மூலநிரல் வெளியாயிற்று. 2005இல் இந்தியா 2.4 கிகாஹேர்ட்ஸ் அலையை வெளியிடங்களில் உரிமமின்றிப் பயன்படுத்த இசைந்ததும், திபெத்திய அகதிகள் வாழும் தர்மசாலாவில், திருத்தியமைத்த மலிவான ரவுட்டர்களைக் கொண்டு மலைநாட்டு வலைப்பின்னல் ஒன்று எழுந்தது. அத்தெரோஸ் நிறுவனமோ, அலை எல்லை மீறப்படும் என்ற காரணத்தால் தன் இயக்கியின் ஒரு பகுதியை மூடியே வைத்திருந்தது. 2008இல் அதுவே மூலநிரலைத் திறந்து கொடுத்தது. வானம் இடிந்து விழவில்லை.

எதிர்த்தரப்பின் அச்சம் பொய்யன்று. 2009இல் போட்டோ ரிக்கோவின் சான் ஹுவான் விமான நிலைய வானிலை ரேடாரில் 5 கிகாஹேர்ட்ஸ் கருவிகள் குறுக்கிட்டன. மண்சரிவுக்கு அஞ்சி மழையிரவுகளை விழித்துக் கழிக்கும் மலையக மக்களுக்கு எச்சரிக்கையின் அருமையை எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. ஆயின் அங்கே அபராதம் பெற்றோர் யார்? வாணிபத்துக்காக வெளியிடங்களில் கருவிகளை நிறுவிய இணையச் சேவை நிறுவனத்தார். 2016இல் டீபி-லிங்க் நிறுவனம் அமெரிக்க ஆணையத்துக்கு 2,00,000 டொலர் செலுத்த ஒப்பியதோடு, பிறர் எழுதும் மென்பொருளுக்கு வழிவிட முயலவும் உடன்பட்டது. மீறலைத் தண்டிப்பதும் கருவியைத் திறந்துவைப்பதும் ஒருசேர இயலும் என்பதற்கு இதுவே சான்று.

வானலை மக்களின் பொதுச் சொத்து என 1995இல் இந்திய உயர்நீதிமன்றம் மொழிந்தது. 1997இல் இலங்கை உயர்நீதிமன்றமும் ஒலிபரப்பு அதிகாரசபை மசோதாவை அரசியலமைப்புக்கு முரணானதெனக் கண்டது. கொத்மலைச் சமூக வானொலி 1999இல் யுனெஸ்கோவின் துணையால் இணையத்தோடு இணைந்து, நேயர் கேட்ட வினாக்களுக்கு விடை தேடிச் சொன்னது. அதுவுங்கூட அரசுக் கூட்டுத்தாபனத்தின் நிலையமே. பொதுச் சொத்தின் திறவுகோல் இன்னும் பொதுமக்கள் கையில் இல்லை.

துண்டு முறையை நினைவுகூர்க. கடன் எழுதிய அத்துண்டின்றித் தொழிலாளி வேறு தோட்டம் புக முடியாது; 1921இல்தான் அது சட்டத்தால் ஒழிந்தது. ஓடிவிடுவான் என்ற ஐயத்தால் ஒருவனைப் பூட்டி வைப்பது நீதியன்று என்பதை மலையகம் தன் உடம்பால் அறிந்தது. கருவிக்குள் நிறுவனம் அமர்த்தும் பூட்டும் அத்தகைய கங்காணியே. குற்றம் நிகழுமுன்னரே எல்லோரையும் அது குற்றவாளியாக்குகிறது. பழுது பார்க்கும் உரிமையையும் கற்கும் உரிமையையும் உடன் பறிக்கிறது.

ஆகவே, இயக்கி தானாக இயங்குகையில் அந்தந்த நாட்டின் அலைவரம்பைப் பேணட்டும். வரம்பு கடக்கும் கதவு, உரிமம் பெற்றவனுக்கும் ஆய்வாளனுக்கும் திறக்கக்கூடியதாய் இருக்கட்டும். மீறுவோன் சட்டத்தின் முன் நிற்கட்டும். அலைக்கு எல்லை வகுக்கும் அதிகாரம் மக்களுக்குப் பதில் சொல்லும் அரசுக்கு உரியது; இலாபம் நாடும் முதலாளிக்கு உரியதன்று.