குழாயடியில் நிற்கும் வரலாறு: அசோகமித்திரனின் நகரம்

அசோகமித்திரனைப் பற்றி நம் சிறுபத்திரிகைச் சூழலில் இரண்டே பேச்சுகள்தான் புழங்கி வந்திருக்கின்றன. ஒன்று, அவருடைய எளிமை, அடங்கிய குரல், சொல்லாமல் விட்டவை என்று ஆரம்பித்து ஒருவகைத் தியானத்தில் போய் முடியும் பேச்சு. இன்னொன்று தோழர்கள் பக்கமிருந்து வருவது. குமாஸ்தாக் குடும்பத்தின் சின்னச் சின்னப் புலம்பல்கள், எதிர்ப்பு இல்லை, போராட்டம் இல்லை, ஆகவே அரசியலும் இல்லை. தமிழ்நாட்டுப் பிராமணர்களின் நிலையை யூதர்களின் நிலையோடு ஒப்பிட்டு அவர் பேசியதாக 2005இல் ஓர் ஆங்கில வார இதழில் நேர்காணல் வந்தபிறகு இந்த இரண்டாம் தரப்புக்கு வேலை சுலபமாகிவிட்டது. புத்தகத்தைத் திறக்காமலே மூடி வைத்துவிடலாம்.

அப்படி மூட முடியாது என்பது என் கட்சி. அந்த ஒப்பீட்டுக்கு வக்காலத்து வாங்குவதற்காக இதை எழுதவில்லை. எந்த நியாயமும் இல்லாத ஒப்பீடு அது. ஆனால் 1950க்கும் 1975க்கும் இடையில் சென்னை என்கிற நகரம் எப்படி நடத்தப்பட்டது, எது யாருக்குக் கிடைத்தது, யாருக்குக் கிடைக்காமல் போனது என்று அறிய விரும்பும் ஒருவர், அரசாணைகளையும் கட்சி வரலாறுகளையும் புரட்டி முடித்துவிட்டு, கடைசியில் இவருடைய நாவல்களிடம்தான் வந்து சேர வேண்டியிருக்கிறது. ஏன் அப்படி என்பதுதான் கேள்வி.

வாழ்க்கையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். இயற்பெயர் தியாகராஜன். 1931 செப்டம்பர் 22இல் செகந்திராபாத்தில் பிறந்தார். தந்தைக்கு நிஜாம் ரயில்வேயில் வேலை. தந்தை இறந்தபிறகு 1952இல் சென்னைக்கு வருகிறார். அப்போது வயது 21. தந்தைக்குத் தெரிந்தவரான எஸ்.எஸ். வாசனின் ஜெமினி ஸ்டுடியோவில் வேலை கிடைக்கிறது. 1966 வரை அங்கேதான். அதன்பிறகு மாதச் சம்பளம் என்று நம்பும்படியாக எதுவும் இல்லாத எழுத்து வாழ்க்கை, 'கணையாழி' ஆசிரியப் பொறுப்பு, 1996இல் 'அப்பாவின் சிநேகித'ருக்காக சாகித்திய அக்காதெமி, 2017 மார்ச் 23இல் மரணம்.

இதில் கவனிக்கவேண்டியது ஜெமினியில் அவர் பார்த்த வேலை. பத்திரிகைகளைப் படித்து, வெட்டி, பொருள்வாரியாகக் கோப்பில் சேர்ப்பது. நாள் முழுக்கப் பேப்பர் கிழித்துக்கொண்டிருக்கிற இந்த ஆள் ஒரு வேலையும் செய்வதில்லை என்றுதான் ஸ்டுடியோவில் பலர் நினைத்தார்கள் என்று பின்னாளில் அவரே ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறார். ஒரு பெரிய தொழிற்கூடத்தின் நடுவில், உற்பத்தியில் நேராகச் சம்பந்தப்படாமல், ஆனால் எல்லோரும் கடந்து போகிற இடத்தில் உட்கார்ந்திருந்த ஆள். முதலாளி அறைக்குள் நடப்பதும் தெரியும், வாசலில் கூப்பிடக் காத்திருக்கிற துணை நடிகர் கூட்டமும் தெரியும். இரண்டிலும் அவர் இல்லை. அவருடைய உரைநடையில் நாம் 'விலகல்' என்று கொண்டாடுவது ஏதோ தத்துவ நிலைப்பாடு அல்ல, முதலில் அது ஒரு நாற்காலி. அந்த நாற்காலியிலிருந்து எது தெரியும், எது தெரியாது என்று பார்ப்பதுதான் விமர்சனத்தின் வேலையாக இருந்திருக்க வேண்டும்.

1969இல் 'கரைந்த நிழல்கள்' புத்தகமாக வருகிறது. அதே ஆண்டு வாசன் மறைந்தார். அதற்கு இரண்டு வருஷம் முன்பு, 1967இல், திரையுலகத்தோடு பிணைந்து வளர்ந்த ஓர் இயக்கம் கோட்டையைப் பிடித்திருந்தது. தமிழ் சினிமாவுக்கும் அதிகாரத்துக்கும் உள்ள உறவைப் பற்றி நம் ஆய்வாளர்கள் நிறையவே பேசியிருக்கிறார்கள். எம்.எஸ்.எஸ். பாண்டியன் 1992இல் எம்.ஜி.ஆர். பிம்பத்தைப் பற்றி எழுதிய நூல் ஒரு தலைமுறையையே யோசிக்க வைத்தது. ஆனால் அந்தப் பேச்செல்லாம் திரைக்கு முன்னால் நிகழ்வதைப் பற்றியது. பிம்பம், பார்வையாளன், கருத்தியல். திரைக்குப் பின்னால் பிம்பத்தைச் செய்து கொடுத்த கைகளுக்குப் படி எவ்வளவு, அது எந்தத் தேதியில் வந்தது, வராமல் போனபோது என்ன ஆச்சு என்பது அசோகமித்திரனிடம்தான் இருக்கிறது. 'கரைந்த நிழல்க'ளுக்குக் கதாநாயகன் கிடையாது. அத்தியாயத்துக்கு அத்தியாயம் ஆள் மாறுகிறது. ஒரு படம் நின்றுபோகிறது, அவ்வளவுதான் நிகழ்ச்சி. அந்த ஒரு நிற்றலால் எத்தனை பேருடைய சோறு நின்றது என்பது நாவல். தயாரிப்பு நிர்வாகியாக நமக்கு அறிமுகமாகிறவர் கடைசியில் தெருவில் கையேந்துகிற நிலைக்கு வந்துவிட்டதை ஆசிரியர் ஒரு செய்தியைப் போலச் சொல்லிவிட்டுப் போகிறார். நமக்குத்தான் தூக்கிவாரிப் போடுகிறது.

'புலிக்கலைஞ'னிலும் இதுதான். புலிவேஷம் கட்டுகிற காதர் ஸ்டுடியோ அலுவலகத்துக்குள் பாய்ந்து காட்டுகிற அந்த சில நிமிஷங்கள் தமிழ்ச் சிறுகதையின் உச்சங்களில் ஒன்று என்று எல்லோரும் சொல்லியாயிற்று. எனக்கு முக்கியமாகப் படுவது அதற்குப் பின்னால் வருவது. வாய்ப்பு வரும்போது ஆளைத் தேடுகிறார்கள், அகப்படவில்லை. அவன் இருக்கும் இடத்துக்கு நிரந்தரமில்லை. அவனுடைய கலைக்கும் நிறுவனத்துக்கும் நடுவே இருந்தது ஒரு விலாசம். அது இற்றுப்போன நூல். கோப்பில் சேர்த்துப் பழகிய குமாஸ்தாவுக்குத்தான் கோப்பிலிருந்து ஒருவன் எப்படி உதிர்ந்துபோகிறான் என்பது தெரிந்திருக்கிறது. அந்த ஸ்டுடியோவே பிறகு உதிர்ந்தது. 1973இல் பக்கத்தில் கட்டப்பட்ட மேம்பாலத்துக்கு அண்ணா பேரை வைத்தார்கள், ஜனங்கள் ஜெமினி மேம்பாலம் என்றே சொல்லிக்கொண்டார்கள்.

'தண்ணீ'ருக்கு வருவோம். நின்று பேசவேண்டிய புத்தகம் இதுதான்.

1973இல் நூலாக வந்த இந்த நாவலைக் குறியீட்டு நாவல் என்று வாசிக்கிற பழக்கம் ஒன்று நம்மிடம் ஒட்டிக்கொண்டுவிட்டது. தண்ணீர் என்றால் அன்பு, தண்ணீர் என்றால் ஈரம், வறட்சி என்றால் மனித உறவின் வறட்சி. கல்லூரிகளில் இப்படித்தான் சொல்லித்தருகிறார்கள். தமிழ் எம்.ஏ. வகுப்பில் எங்களுக்கும் இப்படித்தான் வந்தது. முதலில் அது தண்ணீர் ஐயா. குடத்தில் பிடிப்பது. விடியுமுன் எழுந்து போகவேண்டியது. வரிசையில் நின்று, சண்டை போட்டு, இடுப்பில் வைத்துக்கொண்டு நடக்கவேண்டியது.

சென்னைக்குக் குழாய்த் தண்ணீர் வந்த கதை காலனிய நகராட்சியின் கதை. 1872 வாக்கில் செங்குன்றம் ஏரித் தண்ணீரை நகருக்குக் கொண்டுவந்தார்கள். 1914இல் கீழ்ப்பாக்கம் நீரேற்று நிலையம். 1944இல் பூண்டி நீர்த்தேக்கம். அதன்பிறகு நகரம் பெருகிய வேகத்துக்கு எதுவும் ஈடுகொடுக்கவில்லை. 1960களின் கடைசியில் வீராணம் திட்டம் தொடங்கியது. ராட்சதக் குழாய்கள் வருஷக்கணக்காகச் சாலையோரம் கிடந்தன, வீராணத்துத் தண்ணீர் வந்தது 2004இல். குடிநீர் வாரியம் என்று தனியாக ஒன்று உண்டானதே 1978இல்தான். அதாவது, ஜமுனா குடத்தை எடுத்துக்கொண்டு கிளம்புகிற காலத்தில் தண்ணீர் மாநகராட்சியின் பொறுப்பு. நாவலில் அந்த மாநகராட்சி எப்படி வருகிறது? தெருவைத் தோண்டிப் போடுகிற ஒன்றாக, சாக்கடையையும் குடிநீரையும் கலக்கவிடுகிற ஒன்றாக வருகிறது. நாம் அடிக்கட்டுமானம், மேற்கட்டுமானம் என்று வகுப்பெடுத்துக்கொண்டிருந்த நாட்களில் இந்த மனுஷன் நிஜமாகவே பூமிக்கு அடியில் இருந்த குழாயைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்!

தண்ணீர் சுமப்பது பெண்கள். ஜமுனா சினிமா ஆசையில் பாஸ்கர் ராவ் என்ற தரகனிடம் மாட்டிக்கொண்டவள். அவள் உடம்பு ஒரு விநியோகச் சங்கிலியில் கைமாறுகிறது. தங்கை சாயாவின் கணவன் ராணுவத்தில் இருக்கிறான். பக்கத்து டீச்சரம்மா இளம் வயதில் தன்னைவிட மிக மூத்த, நோயாளியான ஒருவருக்குக் கட்டிவைக்கப்பட்டவள். உயிரை விட்டுவிட நினைத்த ஜமுனாவிடம் அவள் தன் கதையைச் சொல்கிற பகுதியைப் பலரும் மனிதநேயத்தின் வெற்றி என்று எழுதியாயிற்று. எனக்கு அப்படித் தோன்றவில்லை. டீச்சரம்மா ஜமுனாவுக்கு நம்பிக்கை எதையும் தருவதில்லை. 'உனக்கு மட்டும்தானா' என்பதுதான் அவள் பேச்சின் சாரம். துயரத்தைத் தனிச்சொத்தாக வைத்துக்கொள்ள விடாமல் பொதுவில் இறக்கிவைக்கிறாள். பிறகு தண்ணீருக்குப் போகவேண்டியிருக்கிறது. இந்த இடத்தில் சங்கம் இல்லை, கொடி இல்லை, உண்மைதான். ஆனால் சங்கம் தொடங்குவதற்கு முந்தைய கணம் இப்படித்தான் இருக்கும் என்று குழாயடிப் போராட்டங்களில் நின்ற பெண்களைக் கேட்டால் சொல்வார்கள்.

சரி, தெருவைத் தோண்டியவர்கள் யார்? இங்கேதான் அந்த நாற்காலியின் எல்லை தெரிகிறது. பள்ளத்தில் இறங்கியவர்களுக்கு நாவலில் பெயர் இல்லை, வீடு இல்லை. சென்னையில் சாக்கடையிலும் குழாய்ப் பள்ளத்திலும் இறங்கியவர்கள் எந்தச் சாதி என்று நான் சொல்லவேண்டியதில்லை. இந்தியச் சூழலில் தண்ணீரைச் சாதியில்லாமல் எழுதவே முடியாது. 1927இல் மகத் குளத்தில் அம்பேத்கர் இறங்கியது ஞாபகம் இருந்தால் போதும். 'தண்ணீர்' அதை எழுதாமல் தாண்டிவிடுகிறது. 1970இல் குடிசை மாற்று வாரியம் அமைக்கப்படுகிறது, சேரிகள் அரசின் நேரடிக் கவனத்துக்கும் கணக்குக்கும் வருகின்றன. நாவலின் தெருவுக்குள் அந்தச் சென்னை வரவே இல்லை. இந்த மௌனத்தை 'சொல்லாமல் சொல்லும் கலை' என்று மெழுகுகிறவர்களோடு எனக்கு உடன்பாடு கிடையாது. சில மௌனங்கள் கலை, சில மௌனங்கள் வெறும் தெரியாமை.

ஒரு விபரீதமான பொருத்தம் உண்டு. 'தண்ணீர்' புத்தகமாக வந்த அதே 1973இல்தான் மஸ்டர் ரோல் ஊழல் வெடித்து சென்னை மாநகராட்சி மன்றம் கலைக்கப்பட்டது. வேலையே செய்யாத, இல்லாத ஆட்களின் பெயர்களைத் தினக்கூலிப் பட்டியலில் ஏற்றிப் பணம் எடுத்த ஊழல். மாநகராட்சியின் பட்டியலில் ஆளில்லாத பெயர்கள். நாவலின் பள்ளத்தில் பெயரில்லாத ஆட்கள். இரண்டையும் சேர்த்து வைத்துப் படித்தால்தான் அன்றைய நகர உழைப்பின் வரலாறு கிடைக்கும். கலைத்த மன்றத்துக்கு அடுத்த தேர்தல் 1996இல்தான் நடந்தது. 23 வருஷம் இந்த நகரத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் இல்லை.

ஜெயகாந்தன் சேரியை எழுதவில்லையா என்று கேட்கலாம். எழுதினார், முன்னமே எழுதினார். ஆனால் அவருடைய மனிதர்கள் சற்று நேரம் போனால் மேடையேறிவிடுவார்கள். ஜி. நாகராஜன் மதுரையின் சந்துகளை 'நாளை மற்றுமொரு நாளே'யில் (1974) உள்ளிருந்தே எழுதினார், அது வேறு துணிச்சல். இரண்டு பேரிடமும் இல்லாத ஒன்று அசோகமித்திரனிடம் இருப்பது நிர்வாகம் பற்றிய அறிவு. பொருள் எப்படி வருகிறது, எங்கே அடைபடுகிறது என்கிற அறிவு.

அந்த அறிவு சென்னையோடு நிற்கவில்லை. 1977இல் வந்த '18வது அட்சக்கோடு' அவர் பிறந்த செகந்திராபாத்துக்கும் ஹைதராபாத்துக்கும் திரும்புகிறது. ரயில்வே குடியிருப்பு, கிரிக்கெட், சைக்கிள், கல்லூரி என்று திரிகிற சந்திரசேகரன் கண்வழியாக ரஜாக்கர்களின் காலமும் 1948 செப்டம்பரில் இந்தியப் படை நுழைந்ததும் வருகின்றன. 'போலீஸ் நடவடிக்கை' என்று சாதுவாகப் பெயர் வைத்த அந்த ஐந்து நாள் படையெடுப்புக்குப் பிறகு சமஸ்தானத்தின் மாவட்டங்களில் முஸ்லிம்கள் பெருந்தொகையில் கொல்லப்பட்டார்கள். நேரு அரசு அனுப்பிய சுந்தர்லால் குழு கொலையுண்டவர்கள் 27,000 முதல் 40,000 வரை இருக்கலாம் என்று மதிப்பிட்டது. அந்த அறிக்கை வெளியிடப்படாமல் பல பத்தாண்டுகள் கிடந்தது. நாவல் மாவட்டங்களுக்குப் போவதில்லை, கணக்கும் சொல்வதில்லை. கலவரத்தில் ஓடுகிற சந்திரசேகரன் ஒரு முஸ்லிம் வீட்டுக்குள் நுழைந்துவிட, தன் குடும்பத்தைக் காப்பாற்றுவதற்காக ஒரு பெண் அவன்முன் ஆடையைக் களைந்து நிற்கிறாள். அவன் வெளியே ஓடுகிறான். எந்தத் தப்பும் செய்யாத அந்தப் பையன் வெற்றிபெற்ற தரப்பைச் சேர்ந்தவன் என்பது அந்த நொடியில் அவனுக்குத் தெரிந்துவிடுகிறது. அரசு பூட்டி வைத்ததை ஒரு தமிழ் நாவல் 1977இலேயே இப்படித் திறந்து காட்டியிருக்கிறது. இதை அரசியல் இல்லாத எழுத்து என்று சொல்ல எந்தத் தோழருக்கு மனசு வரும்?

2005இன் நேர்காணலையும் இந்தப் பக்கங்களையும் நான் அருகருகே வைத்துத்தான் படிக்கிறேன். பெரும்பான்மையின் பக்கம் நிற்கிற ஒருவனுக்குச் சிறுபான்மையின் பயம் எப்படித் தெரியவரும் என்பதை எழுதியவர், முப்பது வருஷம் கழித்துத் தன் சாதியையே அந்தச் சிறுபான்மையின் இடத்தில் வைத்துப் பேசினார் என்றால், பேட்டி கொடுத்தவரைவிட நாவலை எழுதியவருக்கு அதிகம் தெரிந்திருந்தது என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். பால்சாக் விஷயத்தில் எங்கெல்ஸ் சொன்னது நமக்கு மனப்பாடம். நம்மூர் ஆளிடம் அதைப் பொருத்திப் பார்க்கத்தான் தயங்குகிறோம்.

2019 ஜூனில் சென்னைக்குத் தண்ணீர் தரும் நான்கு ஏரிகளும் வறண்டு கிடந்தன. லாரிக்காக விடிய விடியக் காத்திருந்த வரிசைகளில் பிளாஸ்டிக் குடங்கள் மாறியிருந்தன, தூக்கிக்கொண்டு நின்றவர்கள் மாறவில்லை. ஆற்றோரச் சேரிகளிலிருந்து கண்ணகி நகருக்குத் துரத்தப்பட்ட பெண்கள் எந்தக் குழாயில் எத்தனை மணிக்கு நின்றார்கள் என்பதை எழுதக்கூடியவர்கள் இப்போது அங்கிருந்தே வந்துகொண்டிருக்கிறார்கள். அவர்கள் கையில் 'தண்ணீர்' கிடைத்தால், அதில் இல்லாத பள்ளம் எது என்று நம்மைவிட வேகமாகச் சொல்லிவிடுவார்கள்.