வாக்கரும் பாலூவும்

கொல்லிமலைத் தலைவன் வல்வில் ஓரியை வன்பரணர் காட்டில் கண்ட காட்சி புறநானூற்றின் 152ஆம் பாட்டில் இருக்கிறது. யானையை வீழ்த்திய ஒரே அம்பு புலி, மான், பன்றி, உடும்பு என்று துளைத்துக்கொண்டே போகிறது. அந்த வில்திறத்தை வியந்த பிறகுதான் இவன் யாரோ என்று புலவர் யோசிக்கிறார். பிறப்பை முதலில் கேட்டுவிட்டுத் திறத்தைப் பிறகு பார்த்த உலகில் விளையாடியவர்கள் இருவர்: அமெரிக்க பேஸ்பால் வீரர் மோசஸ் ஃப்ளீட்வுட் வாக்கர், இந்தியக் கிரிக்கெட் வீரர் பல்வங்கர் பாலூ.

வாக்கர் 1856இல் ஒஹாயோவில் பிறந்தவர், கல்லூரி வரை படித்த கறுப்பினத்தவர். 1884இல் டொலிடோ அணிக்காக உயர்மட்டத் தொழில்முறைப் போட்டிகளில் 42 ஆட்டங்கள் ஆடினார். மட்டையாளருக்குப் பின்னால் குந்தி நின்று பந்தைப் பிடிக்கும் கேட்ச்சர் அவர். இன்று போலத் தடித்த கையுறை அப்போது கிடையாது. எந்தப் பந்து வேண்டும் என்று கேட்ச்சர் சைகை காட்ட, அதன்படி வீசுவதுதான் ஆட்ட முறை. சொந்த அணியின் பந்துவீச்சாளர் டோனி முல்லேன் ஒரு கறுப்பரின் சைகைக்குக் கட்டுப்பட மறுத்து, நினைத்தபடி வீசினார். என்ன வருகிறது என்று தெரியாமலே வாக்கர் அத்தனையையும் பிடித்தார். தான் கண்ட மிகச் சிறந்த கேட்ச்சர் அவரே என்று முல்லேன் பிற்காலத்தில் ஒப்புக்கொண்டார்.

பாலூ 1876இல் தார்வாடில், தீண்டத்தகாததாக ஒதுக்கப்பட்ட சமார் சாதியில் பிறந்தார். புனேயில் மாதம் நான்கு ரூபாய்க்கு ஐரோப்பியர் கிளப்பில் ஆடுகளத்தைச் சீர்செய்து, வலை கட்டி, வெள்ளையருக்குப் பயிற்சிப் பந்து வீசினார். அந்த இடக்கைச் சுழற்பந்து இல்லாமல் வெல்ல முடியாது என்று கண்ட மேல்சாதி இந்துக்கள் அவரைத் தங்கள் அணியில் சேர்த்தார்கள். தேநீரை மட்டும் வெளியே, தனி மண்குவளையில் கொடுத்தார்கள். இரட்டைக் குவளையை அறிந்த நமக்கு இதற்கு விளக்கம் தேவையில்லை. 1911இல் இங்கிலாந்துப் பயணத்தில் 114 விக்கெட் எடுத்தார். இந்துக்கள் அணியின் தலைமை மட்டும் கடைசிவரை வரவில்லை. 1923இல் தம்பி விட்டலுக்குத்தான் அது கிடைத்தது.

வாக்கருக்கு நேர்ந்தது வெளிப்படையான தடை. 1887 ஜூலையில், புதிதாகக் கறுப்பரை ஒப்பந்தம் செய்வதில்லை என்று இன்டர்நேஷனல் லீக் முடிவெடுத்தது. இரண்டே ஆண்டில் அவர் ஆட்டம் முடிந்தது. பாலூவுக்குத் தடை விதிக்கவில்லை; அவர் கையை எடுத்துக்கொண்டு ஆளை வெளியே நிறுத்தினார்கள். இரண்டில் இதுவே கொடியது என்பேன். தடையை எதிர்த்துப் பேசலாம். அணியில் இடம் கொடுத்தவனிடம் குவளையைப் பற்றி எப்படிக் கேட்பது?

பின்னாளில் இருவரும் இரு திசையில் போனார்கள். அமெரிக்காவில் கறுப்பருக்கு வாழ்வில்லை, ஆப்பிரிக்கா திரும்புவதே வழி என்று 1908இல் வாக்கர் நூல் எழுதினார். பாலூ காங்கிரஸை நம்பினார். 1937 பம்பாய்த் தேர்தலில், இளமையில் தன்னை நாயகனாகக் கருதிய அம்பேத்கரையே எதிர்த்து நின்று தோற்றார்.

வாக்கர் 1924இல் இறந்தார். உயர்மட்ட பேஸ்பாலில் மீண்டும் ஒரு கறுப்பர், ஜாக்கி ராபின்சன், களமிறங்கியது 1947இல்.