சகனும் இலையும்

சென்ற மாதம் தூத்துக்குடியில் துறைமுகச் சாலைப் பக்கமுள்ள ஒரு கிரில் ஓட்டலுக்கு என் மகன் அழைத்துப் போனான். மேஜையில் நாங்கள் நால்வர். இரும்புத் தகட்டில் சுட்ட கோழியும் இறாலும் மீனும் புகையோடு சீறிக்கொண்டு வந்தன. நால்வருக்கும் ஒரே தகடு. ஆனால் அதிலிருந்து யாரும் நேரே எடுத்துத் தின்னவில்லை. இடுக்கியால் எடுத்து அவரவர் தட்டில் வைத்துக்கொண்டோம். மகனின் சிநேகிதன் காயல்பட்டினத்துக்காரன். சிரித்துக்கொண்டே கேட்டான்: "மாமா, எங்க ஊர்ச் சகன்ல சாப்பிட்டிருக்கீங்களா?"

"பார்த்திருக்கேன்" என்றேன். உண்மையான பதில்தான். ஆனால் முழுப் பதில் அல்ல.

சகன் என்பது தட்டைக் குறிக்கும் அரபுச் சொல். காயல்பட்டினத்துக் கல்யாணங்களில் தரையில் விரிப்புப் போட்டு, ஒரு பெரிய தட்டில் சோறு குவித்து, களரிக்கறியும் கத்தரிக்காய் மாங்காய்ப் பருப்பும் ஊற்றுவார்கள். தட்டுக்கு இரண்டு மூன்று பேர். இலங்கை முஸ்லிம்களிடம் இதே சகனைச் சுற்றி ஆறு பேர் உட்காருவதுண்டு. பக்கத்தில் வந்து அமர்பவன் கப்பல் முதலாளியா, கூலியாளா என்பது அங்கே விசாரிக்கப்படுவதில்லை. அவன் கை தொட்ட சோற்றில்தான் உங்கள் கையும்.

1965 வாக்கில், எனக்குப் பத்து வயதிருக்கும்போது, உப்புத் தரகு செய்துவந்த என் தகப்பனாருடன் அந்த ஊர்க் கல்யாணம் ஒன்றுக்குப் போனேன். என் வயதுப் பையன் ஒருவன் சகன் முன் உட்கார்ந்து என்னைக் கைகாட்டி அழைத்தான். நானும் குனிந்துவிட்டேன். அப்பா பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை, பார்த்தார், அவ்வளவுதான். நான் நிமிர்ந்துகொண்டேன். வீட்டுக்காரர் உடனே, "அண்ணாச்சி, உங்களுக்கு இலை போடச் சொல்றேன்" என்றார். "ஆமா பாய், பழக்கமில்ல" என்றார் அப்பா. தனியறையில் இலை போட்டார்கள். மரக்கறிதான், எங்களுக்கென்று ஏற்கனவே சமைத்திருந்தார்கள். அதாவது, நாங்கள் மறுப்போம் என்பது அவர்களுக்கு முன்பே தெரிந்திருந்தது. அந்த மரியாதை இன்றுவரை எனக்கு உறுத்துகிறது.

இந்தப் பழக்கமின்மைக்கு நீண்ட சரித்திரம் உண்டு. 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் இந்தக் கரைக்கு வந்த மார்க்கோ போலோ, ஹோர்முஸிலிருந்தும் ஏடனிலிருந்தும் குதிரைகளோடு கப்பல்கள் வந்து சேரும் காயல் துறையைப் பற்றி எழுதுகிறார். பாண்டிய நாட்டு மக்களைப் பற்றி அவர் கவனித்துச் சொல்வதில் ஒன்று: ஒவ்வொருவரும் தன் பாத்திரத்தில்தான் குடிக்கிறார், பிறர் பாத்திரத்தைத் தொடமாட்டார், தன் பாத்திரத்தையும் உதட்டில் படாமல் அண்ணாந்து ஊற்றிக்கொள்கிறார். ஆக, குதிரையும் முத்தும் தாராளமாகக் கைமாறிய அதே கரையில் தண்ணீர்ச் செம்பு கைமாறவில்லை. கடல் வழியே வந்த சகனும் இங்கேயே வேரூன்றி எழுநூறு வருஷங்களாக அண்ணாந்து குடிப்பவர்களின் பக்கத்துத் தெருவில் வாழ்ந்திருக்கிறது. தெருவைத் தாண்டவில்லை. முத்துப்பாரில் பரவரும் முஸ்லிம்களும் மூழ்கினார்கள். 1961உடன் பெரிய முத்துக்குளிப்புகளும் முடிந்துபோயின. கடலடியில் பங்கிட முடிந்தது கரையில் முடியவில்லை.

இது ஒரு மதத்தின் குறை என்று சொல்லித் தப்ப முடியாது. ஒரே அப்பத்தைப் பகிரும் மதம் வடக்கன்குளத்தில் சாதிக்கு ஒரு கிளையாகக் கோயில் கட்டி நடுவே சுவர் வைத்தது. அந்தச் சுவர் 1910இல்தான் இடிக்கப்பட்டது. தேசியம் பேசியவர்களும் விலக்கல்ல. தாமிரபரணி கடலில் கலப்பதற்கு முன் கடந்து வரும் சேரன்மாதேவியில், காங்கிரஸிடம் 5,000 ரூபாய் பெற்று வ.வே.சு. ஐயர் நடத்திய குருகுலத்தில் பிராமணப் பிள்ளைகள் இருவருக்குத் தனிச் சாப்பாடு. 1924–25இல் அதுபற்றி எழுந்த சண்டை தமிழ்நாட்டு அரசியலையே திசைமாற்றியது. பெரியார் காங்கிரஸை விட்டு வெளியேறியதற்கு அதுவும் ஒரு காரணம். இரண்டு பையன்கள் எங்கே உட்கார்ந்து சாப்பிட்டார்கள் என்பது அற்ப விஷயம் என்று அன்று சொன்னவர்கள் உண்டு. அற்ப விஷயமென்றால் விட்டுக்கொடுத்திருக்கலாமே.

பிறகு சட்டம் வந்தது. அரசியல் சாசனத்தின் 15ஆம் பிரிவு ஓட்டல்களைப் பெயர் சொல்லித் திறந்துவிட்டது. 1955இல் தீண்டாமைக் குற்றச் சட்டம். ஓட்டல் வாசலைச் சட்டம் திறந்தது பெரிய காரியம், அதைக் குறைத்துப் பேசக்கூடாது. டீக்கடை இரட்டைக் குவளை தென் மாவட்டங்களில் முற்றாக ஒழிந்துவிடவில்லை என்பதை நினைத்தால் அதன் பெருமை இன்னும் விளங்கும்.

ஆனால் அந்த இரும்புத் தகட்டைப் பார்த்து, எல்லாரும் ஒரே தட்டுக்கு வந்துவிட்டோம் என்று மகிழ எனக்குத் தயக்கமாக இருக்கிறது. அந்த மேஜைக்கு யார் வருவது என்று நாங்கள்தான் தீர்மானித்தோம். பக்கத்து மேஜைக்காரர்களும் அப்படியே. பணம் கொடுக்கக்கூடியவர்கள், ஏற்கனவே ஒத்துப்போனவர்கள். சகனில் பக்கத்தாளை நீங்கள் தேர்ந்தெடுப்பதில்லை. அதுவும் குறையற்றதல்ல, பெண்கள் தனியாகத்தான் சாப்பிடுகிறார்கள், பந்தி பெரும்பாலும் உறவுக்கும் ஊருக்கும் உட்பட்டது. இருந்தும், முன்பின் அறியாதவன் கையருகே உங்கள் கையை வைக்கச் சொல்கிறது. கிரில் ஓட்டல் அவ்வளவு தூரம் நம்மைக் கேட்பதில்லை. கேட்காததால்தான் நமக்கு அது வசதியாக இருக்கிறது.

சாப்பிட்டு எழுந்தபோது அந்தப் பையன் தன் தங்கை கல்யாணத்துக்கு வரச்சொன்னான். வருகிறேன் என்றேன். இலை கேட்கப்போவதில்லை. அறுபது வருஷமாக அண்ணாந்து குடித்துப் பழகிய உடம்பு. கை கூசுமா கூசாதா என்பது அங்கே போய் உட்கார்ந்தால்தான் தெரியும்.