பன்னிரண்டாவது படம்

1985-ல் மூர் மார்க்கெட் எரிந்துபோன செய்தியைப் பத்திரிகையில் படித்தபோது எனக்கு முதலில் நினைவு வந்தது அங்கிருந்த பழைய புத்தகக் கடைகள் அல்ல, ஒரு காமிரா. எழுத்தாளன் வெளியே சொல்லக்கூடாத விஷயந்தான். ஆனாலும் உண்மை அதுதான்.

அதற்கு முன் என்னிடம் ஓர் ஆக்பா கிளிக் இருந்தது. வெயிலா, மேகமா என்று பார்த்துத் திருப்பி வைத்தால் போதும். மிச்சத்தைக் கடவுள் பார்த்துக்கொள்வார். மூர் மார்க்கெட்டில் பழைய சாமான்களுக்கு நடுவே நான் கண்டெடுத்த யாஷிகா அந்த ஜாதி அல்ல. மேலும் கீழுமாக இரண்டு லென்ஸ்கள். மேலே உள்ளது நாம் பார்ப்பதற்கு, கீழே உள்ளது படம் பிடிப்பதற்கு. வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக் குனிந்து பார்த்தால், மங்கலான கண்ணாடியில் உலகம் இடம் வலம் மாறித் தெரியும். எதிரே நிற்பவருக்குத் தலை வணங்கியபடியே படம் எடுக்க வேண்டும். எவ்வளவு மரியாதையான யந்திரம், பாருங்கள்!

ஒரு சுருளுக்குப் பன்னிரண்டே படங்கள். சீமைச் சுருள் கிடைப்பது குதிரைக் கொம்பு. உதகமண்டலத்தில் 1960-ல் தொடங்கிய இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் தயாரித்த ‘இந்து’தான் கைகொடுக்கும். இந்து என்றால் சந்திரன். பெயருக்கேற்ப அந்த ஆலையும் வளர்ந்து, தேய்ந்து, இப்போது மூடிக் கிடக்கிறது.

1973 மாசி மாதத்தில், அப்போது வட ஆற்காடு ஜில்லாவில் இருந்த ஜவ்வாது மலைக்குப் போனேன். ஆலங்காயத்திலிருந்து காவலூர் வரை வழியெல்லாம் படம். மரம் ஒன்று, மாடு ஒன்று, சாமை காய வைத்த பாறை ஒன்று. கொண்டுபோனதோ ஒரே சுருள். மாலையில் எண்ணிப் பார்த்தால் பாக்கி ஒரே ஒரு படம்.

காவலூரில் வானாய்வகம் அமைந்த கதை சுவையானது. கொடைக்கானலில் சூரியனை ஆராயப் பழைய ஆய்வகம் இருந்தது. ஆனால் நட்சத்திரங்களைப் பார்க்க அங்கே மேகம் விடுவதில்லை. அதன் தலைவர் வைணு பாப்பு வேறு இடம் தேடி, சுமார் 725 மீட்டர் உயரத்தில் சந்தன மரக் காட்டின் நடுவே இந்த இடத்தைத் தேர்ந்தார். 1968-ல் 38 சென்டிமீட்டர் தொலைநோக்கி வந்தது; 1972-ல் ஒரு மீட்டர் தொலைநோக்கி. பாப்புவும் போட்டோவில் கண் வைத்தவர்தான். ஹார்வர்டில் மாணவராக இருந்தபோது, 1949-ல், தாம் எடுத்த போட்டோத் தகட்டில் ஒரு புதிய வால்நட்சத்திரத்தைக் கண்டவர். அதற்கு அவர் பெயரும் உண்டு.

என் கழுத்தில் தொங்கியதைப் பார்த்த ஓர் இளைஞர், “எங்களுடையதும் காமிராதான் சார், கொஞ்சம் பெரிசு” என்று சிரித்தார். “கண்ணுக்கு ஒளியைச் சேர்த்து வைக்கத் தெரியாது. பிலிமுக்குத் தெரியும். ஒரு மணி நேரம் திறந்து வைத்தால் ஒரு மணி நேரத்து ஒளியும் அதில் சேரும்.”

அவ்வளவுதான், எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. என் யாஷிகாவிலும் கதவைத் திறந்தே வைக்க ஒரு வசதி உண்டு அல்லவா?

நான் தங்கியிருந்த இடத்துக்குப் பக்கத்துக் குடிசையில் ஒரு பாட்டி இருந்தாள். பேரனின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

“சாமி, என்னையும் இந்தப் புள்ளையையும் சேத்து ஒண்ணு புடிச்சுக் குடு. நான் போனப்புறம் அவனுக்கு என் மூஞ்சி தெரியணுமில்ல?”

“இருட்டப் போகிறது, பாட்டி. அடுத்த தடவை வரும்போது கட்டாயம் எடுக்கிறேன்.”

“சரி, சாமி.”

இருட்ட இன்னும் அரை மணி இருந்தது.

அன்றிரவு காமிராவைப் பாறை மேல் வைத்துத் திருவாதிரை நட்சத்திரத்தைப் பார்க்கத் திருப்பி, இருபது நிமிஷம் திறந்து வைத்தேன். சென்னையில் கழுவிப் பார்த்தால் அற்புதம்! பூமி சுழன்ற அளவுக்கு ஒவ்வொரு நட்சத்திரமும் நெல்மணி நீளத்துக்கு ஒரு கோடு இழுத்திருந்தது.

எட்டு மாதம் கழித்து இரண்டு சுருள்களோடு போனேன். பாட்டி இல்லை. மழைக் காலத்தில் காய்ச்சல் கண்டதாம். பேரன் என்னை அடையாளம் கண்டு, காமிராவைப் பார்த்தான். ஒன்றும் கேட்கவில்லை.

பாப்புவும் தாம் கனவு கண்ட பெரிய தொலைநோக்கியின் வேலை முடியுமுன்பே, 1982-ல் காலமானார். 2.3 மீட்டர் விட்டமுள்ள அதை ராஜீவ் காந்தி 1986-ல் திறந்து அவர் பெயரைச் சூட்டினார். 1988-ல் அதே காவலூரில், கண் வைத்துப் பார்க்க இடமே இல்லாத, முழுக்க முழுக்கக் காமிராவேயான ஷ்மிட் தொலைநோக்கியால் ராஜமோகன் ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்தார். அதற்கு ராமானுஜன் என்று பெயர். சென்னையில் போக்சன் 1885-ல் ஒரு சிறுகோளைக் கண்ட பிறகு நூறு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. அந்தத் தேடல் திட்டத்தின் பெயர் ‘கல்கி’ என்பதில் நம்மைப் போன்றவர்களுக்கு ஒரு தனிச் சந்தோஷம்.

யாஷிகா இன்னும் என் அலமாரியில் இருக்கிறது. பழைய பிலிம் காமிராவின் அருமை இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குத் தெரியவில்லை என்று நண்பர்கள் அங்கலாய்ப்பதுண்டு. பன்னிரண்டே படம் என்ற கட்டுப்பாடு நம்மை யோசிக்க வைத்தது என்பார்கள். நானும் யோசித்தேன், யோசித்துத்தான் பாட்டியை விட்டுவிட்டு ஆகாயத்தை எடுத்தேன். இன்று ஜவ்வாது மலையிலும் கைபேசிகள் இருக்கின்றன. யாரும் கணக்குப் பார்க்காமல் பாட்டிகளைப் படம் பிடிக்கிறார்கள். நல்ல காரியம். அந்த நட்சத்திரப் படத்தை நான் சட்டம் போட்டு மாட்டவில்லை.