கூடப் போனவர்கள்

எங்கள் ஆச்சியிடம் ஒரு தகரப் பெட்டி இருந்தது. மூடியின் உட்பக்கம் கொழும்புக் கடை ஒன்றின் விலாசச் சீட்டு ஒட்டியிருக்கும். உள்ளே தாத்தா எழுதிய கடிதங்கள், ராணி சந்தன சோப்பின் காலி உறை ஒன்று. உறையில் இன்னும் மணம் இருக்கிறது என்பாள் ஆச்சி. எனக்குப் பாச்சை உருண்டை வாசம் மட்டும்தான் வரும். இருந்தாலும் அவள் முகத்தைப் பார்த்தால் இல்லை என்று சொல்ல மனசு வராது.

தாத்தா 1930-களில் சுரண்டையிலிருந்து கொழும்புக்குப் போய் ஒரு மளிகைக் கடையில் கணக்கு எழுதினார். இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை ஊருக்கு வருவார். ஆச்சி ஒரே ஒரு முறை தூத்துக்குடி வரைக்கும் கூடப் போய் வழியனுப்பியிருக்கிறாள். அங்கே கடல் ஆழம் குறைவு. கப்பல் தொலைவில் நிற்கும், ஆட்களைப் படகில் ஏற்றிக் கொண்டுபோய்ச் சேர்ப்பார்கள். வ.உ.சி. 1906-ல் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கி, காலியா, லாவோ என்ற கப்பல்களை வாங்கி ஓட்டியதும் இதே தூத்துக்குடி-கொழும்புத் தடத்தில்தான். ஆச்சிக்கு அந்தக் கதையெல்லாம் தெரியாது. "படகு சின்னதாப் போயி, பொறவு தாத்தா தலை தெரியல" என்பாள். அவளுடைய வெளிநாட்டுப் பயணம் அந்தக் கரையோடு முடிந்தது.

நான் சொல்ல வருவது இதைத்தான். தென்காசிச் சீமையிலிருந்து வெளிநாடு போனவர்கள் கதையை யார் சொன்னாலும் அது ஆண்கள் கதையாகவே இருக்கிறது. எத்தனை பேர் போனார்கள், என்ன அனுப்பினார்கள், எந்த வீட்டுக்கு மாடி எழும்பியது என்று கணக்குச் சொல்கிறோம். மனைவி கூடப் போனாளா இல்லையா என்பதை யாரும் கேட்பதில்லை. அந்த ஒரு கேள்விதான் ஒரு குடும்பத்தின் நாற்பது வருஷத்தைத் தீர்மானிக்கிறது என்பதை நான் வாழ்ந்து பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

கூடப் போகும் வழக்கம் எங்கள் பக்கத்தில் புதிதும் அல்ல. சுரண்டைக்குப் பக்கத்திலேயே கடையநல்லூர் இருக்கிறது. அங்கிருந்தும் தென்காசியிலிருந்தும் சிங்கப்பூர் போன முஸ்லிம் நெசவாளர் குடும்பங்கள் போன நூற்றாண்டின் முற்பகுதியிலேயே மனைவி மக்களோடு கப்பலேறின. தமிழகத்தின் மற்ற ஊர்களிலிருந்து போன முஸ்லிம் ஆண்கள் பெரும்பாலும் தனியாகப் போய் வந்துகொண்டிருந்த காலம் அது. தறி சோறு போடாதபோது, ஒருவர் போய் ஒருவர் காத்திருக்க இவர்களிடம் வசதி இல்லை. துறைமுகத்தை ஒட்டிய தஞ்சோங் பகார் பகுதியில் குடியேறினார்கள். ஆண்கள் கூலி வேலைக்குப் போக, பெண்கள் அம்மியில் மசாலா அரைத்து விற்றுக் குடும்பத்தைத் தாங்கினார்கள். 1941-ல் சிங்கப்பூர் கடையநல்லூர் முஸ்லிம் லீக் உருவானது. ஜப்பானியர் ஆட்சி முடிந்த கையோடு, 1946-ல், பிள்ளைகளுக்கென்று உமறுப் புலவர் பெயரில் தமிழ்ப் பள்ளிக்கூடம் திறந்தார்கள். தனியாகப் போன ஆண் கடை வைப்பான், பணம் அனுப்புவான். பள்ளிக்கூடம் கட்ட வேண்டுமென்றால் கூடவே பெண் இருந்திருக்க வேண்டும், பிள்ளை இருந்திருக்க வேண்டும். அந்தப் பள்ளியின் வரலாற்றில் மசாலா அரைத்த கைகளுக்கு ஓர் இடம் உண்டு என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

எங்கள் வீட்டில் அடுத்துப் போனவர் மாமா. 1978-ல் குவைத்துக்கு. ஓர் அறையில் எட்டுப் பேர், மாடிக் கட்டில். அத்தை சுரண்டையில். 1990 ஆகஸ்ட் 2-ஆம் தேதி இராக் படை குவைத்துக்குள் நுழைந்தபோது, மாமா பாலைவனம் கடந்து ஜோர்டானுக்கு வந்து, அம்மானிலிருந்து ஏர் இந்தியா விமானத்தில் பம்பாய் வந்து இறங்கினார். ஒரு லட்சத்து எழுபதாயிரம் இந்தியர்களை அப்படி மீட்டார்கள். கையில் ஒரே ஒரு பை. அத்தை அவரைப் பார்த்ததும் அழவில்லை. "இனி எங்க போனாலும் நானும் வருவேன்" என்று மட்டும் சொன்னாள். அவர் அதற்குப் பிறகு எங்கும் போகவில்லை. சந்தையில் காய்கறிக் கமிஷன் கடை வைத்தார்.

அதே வருஷம் ஜனவரியில்தான் நான் மஸ்கட் போயிருந்தேன், கல்யாணமாகி மூன்றாம் மாதம். பாளையங்கோட்டை சாராள் தக்கர் கல்லூரியில் கணிதம் படித்தவள் நான். (அந்த சாராள் தக்கர் அம்மையார் இங்கிலாந்திலேயே இருந்து, இந்த மண்ணில் காலே வைக்காமல், எங்கள் பெண்களின் படிப்புக்குக் காரணமானவர். போகாமலே வந்து சேர்ந்தவர்.) என் விசாவில் நான் வேலை பார்க்கக் கூடாது என்று அச்சடித்திருந்தது. கணவருக்குக் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையில் பராமரிப்பு வேலை. அந்த வேலைக்கு 'ஃபேமிலி ஸ்டேட்டஸ்' இருந்தது. வளைகுடாவில் இருந்தவர்களுக்கு இந்தச் சொல்லின் கனம் தெரியும். மனைவியை அழைத்துக்கொள்ளும் உரிமையைச் சம்பளம்தான் கொடுக்கும். ஒரு கட்டத்தில் ஓமானில் மாதம் 600 ரியால் வாங்கினால்தான் குடும்பத்தைக் கூட்டிவரலாம் என்று இருந்தது. 2017-ல் 300 ஆகக் குறைத்தார்கள். அந்த இரண்டு எண்களுக்கும் நடுவே எத்தனையோ வீடுகள் வருஷக்கணக்காகப் பிரிந்து கிடந்தன. எங்கள் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் ஆறு பேர் ஒன்றாக இருந்தார்கள். கடையம், ஆலங்குளம் பக்கத்துப் பையன்கள். வெள்ளிக்கிழமை மதியம் நான் வைக்கும் மீன் குழம்பில் ஒரு பாத்திரம் அவர்களுக்குப் போகும். "அக்கா, கூட்டாஞ்சோறு எப்ப?" என்று கேட்பார்கள். கேட்டுவிட்டு, தன் மனைவியின் பெயரைச் சொல்லி, "அவ நல்லா வைப்பா" என்பான் ஒருவன்.

வெள்ளி என்றதும் நினைவு வருகிறது. அங்கே அப்போது வியாழனும் வெள்ளியும்தான் வார விடுமுறை. 2013-ல்தான் வெள்ளி, சனி என்று மாற்றினார்கள். ருவியில் இருந்த ஆலயத்துக்கு நாங்கள் வெள்ளிக்கிழமை தமிழ் ஆராதனைக்குப் போவோம். இருபத்தைந்து வருஷம் எங்களுக்கு ஞாயிறு என்பது வெள்ளிக்கிழமையில் வந்தது. இப்போதும் சுரண்டையில் வெள்ளிக்கிழமை காலை எழுந்தால் எங்கோ கிளம்ப வேண்டும் என்று தோன்றுகிறது.

வருஷாந்திர லீவ் முப்பது நாள். ஜூன் மாதம் மஸ்கட் அடுப்பாகும்போது பள்ளிக்கூடங்களை மூடுவார்கள். அதே ஜூனில்தான் குற்றாலத்தில் சாரல். திருவனந்தபுரத்தில் இறங்கி, ஆரியங்காவு தாண்டி, புளியரை இறக்கத்தில் கார் வளையும்போது முகத்தில் படும் ஈரக் காற்றுக்காகவே பதினோரு மாதம் காத்திருப்போம். 1999-ல் முதல்முறையாக அதை விட்டுவிட்டு ஐரோப்பாவுக்குப் போனோம். "சாரலை விட்டுட்டு அங்க என்னம்மா கெடக்கு?" என்று மாமியார் போனில் கேட்டார்கள். என்னிடம் அதற்குப் பதில் இல்லை. கூடப் போக முடிகிற காலத்தில் போய்விட வேண்டும் என்ற ஆசை, அவ்வளவுதான்.

ஆம்ஸ்டர்டாம், கொலோன், சூரிக். ஷெங்கன் ஒப்பந்தம் 1985-ல் லக்ஸம்பர்க்கின் அந்தச் சிற்றூரில், மோசல் ஆற்றில் நின்ற படகில் வைத்துக் கையெழுத்தாகி, 1995-ல் நடைமுறைக்கு வந்திருந்தது. ஆனால் சுவிட்சர்லாந்து 2008 வரை அதில் சேரவில்லை. தனி விசா வாங்கினோம். யூரோ நோட்டு புழக்கத்துக்கு வந்தது 2002-ல்தான் என்பதால், கில்டர், மார்க், அவற்றோடு சுவிஸ் பிராங்க் என்று மூன்று உறைகள். என் கணவர் உறைகளின் மேல் தமிழில் எழுதிவைத்தார். பெட்டியில் ஒரு சின்ன ரைஸ் குக்கர், பருப்புப் பொடி, நார்த்தங்காய் ஊறுகாய்.

சாஃப்ஹவுசன் பக்கத்தில் ரைன் அருவி. 150 மீட்டர் அகலம், 23 மீட்டர் உயரம். நடுவில் ஒரு பாறை. படகில் கொண்டுபோய் அதன் அடியில் விடுவார்கள், படியேறி உச்சிக்குப் போகலாம். ஏறி நின்றோம். கீழே நிலமே அதிர்கிறது. சாரல் அவர் மூக்குக் கண்ணாடியை மூடிவிட்டது. அவர் அதைக் கழற்றித் துடைக்கவில்லை. உப்புத் தண்ணீரைக் காய்ச்சியும் வடித்தும் குடிநீராக்கும் இடத்தில் பத்து வருஷம் நின்றவர். இவ்வளவு நல்ல தண்ணீர் சும்மா விழுந்துகொண்டிருப்பதைக் கண்ணாடி இல்லாமலே பார்த்தார். உள்ளங்கையை நீட்டி நனைத்து, என் உச்சந்தலையில் வைத்துத் தேய்த்தார், பேரருவியில் குளிக்கும் முன் எண்ணெய் தேய்ப்பதைப் போல. "இதுல குளிக்க விட மாட்டாங்களோ?" என்றார். சுற்றி நின்ற நூறு பேரும் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அருவியைக் கண்டால் தலையைக் கொடுக்கத் தோன்றுகிற ஊரில் பிறந்தவர்கள் நாங்கள் இருவர் மட்டும்.

அப்போதுதான் ஒன்று உறைத்தது. நாங்கள் குற்றாலத்தை விட்டுவிட்டு ஐரோப்பாவுக்கு லீவில் வந்திருக்கிறோம். இருநூறு வருஷத்துக்கு முன்னால் ஐரோப்பியத் தம்பதிகளுக்கு லீவ் என்றால் அது குற்றாலம். பாளையங்கோட்டைக் கலெக்டர்களும் பட்டாளத்து அதிகாரிகளும் மிஷனரிகளும் வெயில் தாங்காமல் குடும்பத்தோடு சாரலுக்கு வந்து பங்களாக்களில் தங்கினார்கள். கிழக்கிந்தியக் கம்பெனி 1800-ஐ ஒட்டி மலுக்குத் தீவுகளின் கிராம்பையும் ஜாதிக்காயையும் குற்றாலத் தோட்டத்தில் வைத்து வளர்த்தது. இந்தியாவில் கிராம்பு வேர்விட்டது அங்கேதான். வெளிநாட்டு வாழ்க்கையின் கஷ்டம் அவர்களுக்கும் இருந்தது. ஊருக்குப் போக வேண்டுமானால் ஆப்பிரிக்காவைச் சுற்றி மாதக்கணக்கில் கப்பல். சூயஸ் கால்வாய் திறந்ததே 1869-ல்தான். நமக்கு வருஷத்துக்கு முப்பது நாள் கிடைத்த லீவ் அவர்களுக்குப் பத்து, பதினைந்து வருஷத்துக்கு ஒரு தடவை. மிஷனரி கால்டுவெல் 1838-ல் சென்னையில் வந்து இறங்கியவர். 1850-களின் நடுவில்தான் சீமைக்குத் திரும்பினார். அந்த லீவில்தான் 1856-ல் லண்டனில் அவருடைய திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் அச்சேறியது.

அவர் மனைவி எலைசாவைப் பற்றி நமக்கு எவ்வளவு தெரியும்? நாகர்கோவிலில் ஊழியம் செய்த மால்ட் தம்பதியின் மகள். 1844-ல் திருமணம். கால்டுவெல் இலக்கணம் பார்த்துத் தமிழ் கற்றவர், எலைசா தமிழ் கேட்டு வளர்ந்தவர். இடையன்குடியில் பெண் பிள்ளைகளுக்கு விடுதிப் பள்ளி நடத்தினார், லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். தேரிக் காட்டில் கூலி இல்லாத வீட்டுப் பெண்ணின் கையில் காசு வந்தது அந்த ஊசியால். இருவரும் இடையன்குடி ஆலயத்தில்தான் அடக்கமாகியிருக்கிறார்கள். நாம் சிலை வைத்தது ஒருவருக்கு.

அங்கிருந்து இங்கே வந்தவர்களைப் பற்றிய இந்த எண்ணம் பிடித்துக்கொண்ட பிறகு எங்கள் ஐரோப்பியப் பயணங்கள் மாறிப்போயின. 2009-ல் ஈபிள் கோபுரத்தை விட்டுவிட்டு ஜெர்மனியின் ஹாலே நகருக்குப் போனோம். தரங்கம்பாடிக்கு வந்த மிஷனரி சீகன்பால்கு படித்த இடம். 1714-ல் அவர் ஊருக்குப் புறப்பட்டபோது மலையப்பன் என்ற தமிழர் கூடப் போனார். 1716-ல் சீகன்பால்குவின் தமிழ் இலக்கணம் ஹாலேயில் அச்சானது. அதே வருஷம் அவர் மனைவி மரியா டொரோத்தேயாவோடு தரங்கம்பாடிக்குத் திரும்பினார். மூன்றாவது வருஷம் அவர் இறந்துவிட்டார். வந்த மூன்றாண்டில் விதவையான அந்தப் பெண்ணை நினைத்துக்கொண்டு ஃபிராங்கே நிறுவனத்தின் அந்தப் பழைய மாடத்தில் நின்றேன். கண்ணாடிப் பேழைக்குள் நம் பனையோலை. அந்த ஓலையைப் பார்த்ததும் என் கணவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

2014-ல் போலந்து. விஸ்டுலா ஆற்றங்கரையில், அப்போது பிரஷ்யாவின் கிராவ்டென்ஸ் ஆக இருந்த ஊரில் 1790-ல் மிஷனரி ரேனியஸ் பிறந்தார். 1820-ல் பாளையங்கோட்டைக்கு வந்து, 1838-ல் அங்கேயே இறந்தவர். அவர் கேட்டு டோனா பிரபு அனுப்பிய பணத்தில் வாங்கிய நிலம்தான் களக்காடு பக்கம் டோனாவூர். ஒரு பிரஷ்யப் பிரபுவின் பெயரை நம் பேருந்து நடத்துநர்கள் தினமும் கூவுகிறார்கள்! தோருனிலிருந்து சின்ன ரயிலில் போய் இறங்கினோம். அந்த ஊர்க் கோட்டையை வெளியிலிருந்துதான் பார்த்தோம். ஆற்றங்கரை முழுக்கச் செங்கல்லில் கட்டிய உயரமான தானியக் கிட்டங்கிகள், ஒன்றோடொன்று ஒட்டி, ஓர் ஊரின் மதில் மாதிரி. அடியில் ஒரு கிழவரும் கிழவியும் கூடையில் செர்ரி விற்றார்கள். கிழவி எடை போட்ட பின் இரண்டு பழம் கூடப் போட்டாள். சுரண்டைச் சந்தையில் கத்திரிக்காய் வாங்கினால் கிடைக்கும் அதே கொசுறு. பாஷை தெரியாமலே இருவரும் சிரித்துக்கொண்டோம்.

அடுத்த வருஷம் மஸ்கட்டை முடித்துக்கொண்டு ஊர் வந்துவிட்டோம்.

இப்போது எதிர்வீட்டுப் பெண் ஒருத்தி நர்ஸிங் முடித்துவிட்டு ஜெர்மன் படிக்கிறாள். பி2 தேறினால் அங்கே ஆஸ்பத்திரியில் வேலை. சாயங்காலம் நோட்டோடு வந்து என் முன்னால் உட்கார்ந்து வாசிப்பாள். உச்சரிப்பைச் சரிசெய்ய எனக்குத் தெரியாது, கேட்டுக்கொண்டிருப்பேன். விசா அவள் பெயரில் வரும். புருஷன், பிள்ளை அவளைச் சேர்ந்தவர்களாகப் பின்னால் போவார்கள். போன வாரம் அவள் புருஷன் தயங்கித் தயங்கி வந்து திண்ணையில் உட்கார்ந்தான்.

"அத்தை, நீங்க மஸ்கட்ல இருக்கையில, மாமா வேலைக்குப் போன பொறவு பகல் பூரா வீட்ல என்ன செய்வீய?"

எங்கள் குடும்பத்தில் இதை ஒரு ஆண் கேட்டு நான் அறிந்ததில்லை. உள்ளே போய் அவனுக்கும் சேர்த்துக் காப்பி போட்டுக்கொண்டு வந்து, முதல் நாளிலிருந்து சொல்ல ஆரம்பித்தேன்.